சங்கதி எழுதியவர்கள்: அமெரிக்காவின் முதல் வரி நீதிபதிகள்

1924-க்கு முன்பு அமெரிக்காவில் வருமான வரித் துறையோடு வழக்காட வேண்டுமென்றால் முதலில் பணத்தைக் கட்டியாக வேண்டும். கட்டிய பிறகு ரீஃபண்ட் கேட்டு மனு. அதை மறுத்தால் வசூல் அதிகாரி மீது மாவட்ட நீதிமன்றத்திலோ, அரசாங்கத்தின் மீது வாஷிங்டனில் இருந்த கோரிக்கை நீதிமன்றத்திலோ வழக்கு. வசூலை நிறுத்தி வைக்கச் சொல்லி யாரும் படியேற முடியாதபடி 1867-லேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வரி சில சதவீதமாக இருந்த காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1918-ல் தனிநபர் வரியின் உச்ச விகிதம் 77 சதவீதம் ஆனது. கம்பெனிகளுக்கு 1917 முதல் 1921 வரை மிகைலாப வரியும் (மூலதனத்தோடு ஒப்பிட்டால் மிகையான லாபத்தின் மேல் போடும் வரி) சேர்ந்துகொண்டது. துறை திருத்திக் கணக்கிட்டு அனுப்பும் தொகையைக் கட்டினால் கம்பெனி மிஞ்சாது. கட்டாவிட்டால் வழக்கே கிடையாது.

துறைக்கு உள்ளேயே மேல்முறையீட்டுக் குழு ஒன்று இருந்ததுதான். ஆனால் அது துறையின் தலைவரான கமிஷனரின் கீழ் இருந்த குழு. வரி போட்டவரிடமே போய் முறையிடுவதை எந்த வக்கீலும் மேல்முறையீடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் இதற்கு மாற்றாக ஒரு வாரியம் வேண்டும் என்றார்; ஆனால் அது நிதியமைச்சகத்துக்குள்ளேயே, அமைச்சர் நியமிக்கும் ஆட்களோடு இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வாரியத்தை ஏற்றுக்கொண்டது, உள்ளே வைப்பதை ஏற்கவில்லை. 1924 ஜூன் 2 அன்று ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திட்ட வருவாய்ச் சட்டத்தில் வரி மேல்முறையீட்டு வாரியம் நிர்வாகத் துறையைச் சேர்ந்த, ஆனால் எந்த அமைச்சகத்துக்கும் கட்டுப்படாத தனி அமைப்பாக உருவானது. உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். திறமைக் குறைவு, கடமை தவறுதல், முறைகேடு ஆகிய காரணங்களுக்காக, அதுவும் நோட்டீஸ் கொடுத்துப் பகிரங்கமாக விசாரித்த பிறகே, ஒருவரை நீக்க முடியும். அப்போது மெலனுக்குத் தெரிந்திருக்காது, பத்து ஆண்டுகள் கழித்து அதே வாரியத்தின் முன் தானே மனுதாரராக நிற்கப் போகிறோம் என்று.

பட்டம் நீதிபதி இல்லை. 1942 வரை அவர்கள் ‘உறுப்பினர்கள்’தான். வேலை மட்டும் நீதிபதி வேலை.

அந்த வேலையின் கனம் எங்கே இருந்தது என்பதை இன்று வரிச் சட்டம் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். பாடப்புத்தகங்களில் வாரியம் அடிக்குறிப்பாகத்தான் வரும்: வாரியம் இப்படிச் சொன்னது, மேல்நீதிமன்றம் மாற்றியது, உச்ச நீதிமன்றம் இறுதியாக்கியது. சட்டக் கேள்வியில் அப்படித்தான் நடந்தது. ஆனால் வாரியத்துக்கு வந்த வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை சட்டக் கேள்விகளே அல்ல. இந்த இயந்திரம் எத்தனை ஆண்டு ஓடும்? இந்த நிலம் 1913-ல் என்ன விலை போயிருக்கும்? இந்தப் பங்கை இவர் நிஜமாகவே விற்றாரா? எல்லாம் சங்கதி, அதாவது நிஜத்தில் என்ன இருந்தது, என்ன நடந்தது என்ற கேள்வி. அந்தச் சங்கதியை எழுதி முத்திரை குத்தியவர்கள் இவர்கள். அதை மேலே யாராலும் எளிதில் அசைக்க முடியவில்லை.

இது ஒரே நாளில் வந்த அதிகாரமல்ல. 1924-ன் சட்டப்படி வாரியம் கண்டறிந்த சங்கதிகள் பின்னர் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்று மட்டுமே, அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை நிற்கும் சான்று. வாரியத்தில் கமிஷனர் தோற்றால் மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாக வழக்குப் போடலாம். வரி செலுத்துபவர் தோற்றால் கட்டிவிட்டு ரீஃபண்ட் வழக்கு. அதாவது ஒரே கதையை இரண்டு முறை சாட்சி சொல்ல வேண்டும். 1926-ன் சட்டம் இதை நறுக்கியது. இனி வாரியத்திலிருந்து நேராக வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வாரியத்தின் முடிவு ‘சட்டத்துக்கு ஒத்ததாக இல்லாவிட்டால்’ மட்டுமே மாற்ற முடியும். நீதிமன்றமே அல்லாத ஓர் அமைப்பிலிருந்து நேராக நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாமா என்ற சந்தேகம் இருந்தது. 1929-ல் ஓல்டு காலனி டிரஸ்ட் வழக்கில் தலைமை நீதிபதி டாஃப்ட் போகலாம் என்று தீர்த்துவைத்தார். அந்த வழக்கை மாணவர்கள் வேறொரு காரணத்துக்காகப் படிக்கிறார்கள்: அமெரிக்கன் வூலன் கம்பெனி தன் தலைவர் வில்லியம் வுட்டின் வருமான வரியைத் தானே கட்டியது, அப்படிக் கட்டிய தொகையும் அவருடைய வருமானமே என்று தீர்ப்பு. வாரியத்துக்கு அதிகமாகப் பயன்பட்டது தீர்ப்பின் முதல் பாதிதான்.

வேலைக்கு வந்தவர்கள் யார்? முதல் 12 பேர் 1924 ஜூலையில் பதவியேற்றார்கள். அவர்களில் பலர் துறையின் சட்டப் பிரிவிலிருந்தோ உள்மேல்முறையீட்டுக் குழுவிலிருந்தோ வந்தவர்கள். வேறு எங்கே அந்தச் சட்டம் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள்? முதல் தலைவர் சார்லஸ் ஹேமல் ஓராண்டிலேயே விலகி வக்கீல் தொழிலுக்குப் போனார். சம்பளம் 7,500 டாலர், 1926-ல் 10,000 ஆனது. பதவிக்காலமும் அப்போது 12 ஆண்டுகளாக நீண்டது, இடங்கள் 16 என்று நிலைபெற்றன. வெளியே ஒரு பெரிய மிகைலாப வழக்கின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சம்பளம் ஒன்றுமில்லை. ஆனால் வெளியேறுபவர் உடனே வாரியத்தின் முன்பு வாதாடவும் முடியாது: 1924-ன் சட்டம் இரண்டு ஆண்டு தடை போட்டிருந்தது. ஓய்வூதியமும் கிடையாது. ஆக, தங்கியவர்கள் வேலை பிடித்துத் தங்கியவர்கள், அல்லது போக்கிடம் இல்லாதவர்கள். இரண்டு வகையும் இருந்தன.

டெக்சாஸ்காரர் யூஜின் பிளாக் 14 ஆண்டு காங்கிரஸில் இருந்துவிட்டு 1928 தேர்தலில் தம் கட்சிக்குள்ளேயே தோற்றவர். 1929-ல் வாரியத்துக்கு வந்து, 1933-ல் தலைவரானார். பெஞ்சமின் லிட்டில்டன் தலைவராக இருந்துவிட்டு 1929-ல் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போனார். பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க்கைச் சேர்ந்த எட்கர் மர்டாக் 1926-ல் வந்து 1961 வரை இருந்தார். வரி வக்கீல்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கும் கதை அவரைப் பற்றியது: “கடவுளே என் நீதிபதி, நான் இந்த வரியைத் தர வேண்டியதில்லை” என்றாராம் ஒருவர். “அவர் இல்லை, நான்தான். தர வேண்டும்” என்றாராம் மர்டாக். ஜார்ஜியாவில் பள்ளி ஆசிரியையாக இருந்து, 1914-ல் வருவாய்த் துறையில் சேர்ந்து, சட்டம் படித்து, துறையின் சட்டப் பிரிவுக்கு உயர்ந்த அன்னபெல் மாத்யூஸை 1930-ல் ஜனாதிபதி ஹூவர் நியமித்தார்; வாரியத்தின் முதல் பெண் உறுப்பினர். அவர் 1936-ல் போன பிறகு அதே ஆண்டில் ரூஸ்வெல்ட் நியமித்தவர் கலிஃபோர்னியாவின் மரியன் ஹேரன். ஹேரன் 1960 வரை இருந்தார், ஆனால் 1948-ல் முதல் 12 ஆண்டு முடிந்தபோது மறுநியமனத்துக்கு வக்கீல்கள் சிலர் ‘நீதிபதிக்குரிய நிதானம் இல்லை’ என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆயுள் பதவி இல்லாததன் விலை இது. சாட்சியை வெட்டிப் பேசிய ஆண் உறுப்பினர்களுக்கு இதே சொல் எத்தனை முறை பயன்பட்டது என்று யாராவது எண்ணினால் நல்லது.

இனி வழக்கு எப்படி நகர்ந்தது என்று பார்ப்போம். கமிஷனர் வரி குறைகிறது என்று முடிவெடுத்தால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வரும். வக்கீல்கள் அதை 60 நாள் கடிதம் என்பார்கள் (1934-ன் சட்டம் அதை 90 நாளாக்கியது). அந்த நாட்களுக்குள் மனு வாஷிங்டனில் வாரியத்தின் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கடைசி நாள் ஞாயிறானால் அது கணக்கில் இல்லை. அதைத் தவிர எந்தச் சலுகையும் இல்லை. தபாலில் போட்ட தேதியைத் தாக்கல் தேதியாக எடுத்துக்கொள்ளும் விதி 1954-ல்தான் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இருந்தவருக்கு ரயில் தபால் நாட்கள் கழித்துத்தான் மிச்சம். பனியில் ரயில் நின்றால் வழக்கும் நின்றது. ஒரு நாள் தாமதமென்றாலும் வாரியத்துக்கு அதிகாரமே வராது, உறுப்பினர் எவ்வளவு இரக்கப்பட்டாலும் தள்ளுபடிதான்.

மனுவில் இருக்க வேண்டியவை: நோட்டீஸின் நகல், எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, கமிஷனர் செய்த பிழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒவ்வொரு பிழைக்கும் ஆதாரமான சங்கதிகள், கடைசியில் சத்தியப் பிரமாணம். கட்டணம் 10 டாலர். பிழை என்று எழுதாததை விசாரணையில் எடுக்க முடியாது. இந்த இடத்தில்தான் ஆடிட்டர்கள் அடிபட்டார்கள். வாரியத்தில் வக்கீல்களோடு கணக்காயர்களும் ஆஜராகலாம், இது அமெரிக்காவில் அபூர்வமான அனுமதி. ஆனால் துறை அதிகாரியிடம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசிப் பழகியவருக்கு, மனுவில் எழுதிய சங்கதியைக் கமிஷனர் பதிலில் மறுத்தால் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும் என்பது உறைக்காது. “இதைத்தான் நோட்டீஸ் நகலோடு சேர்த்து அனுப்பியிருக்கிறோமே” என்பார்கள். அனுப்பியது சாட்சியமல்ல. 1926-க்குப் பிறகு கொலம்பியா மாவட்டத்தின் (தலைநகர் வாஷிங்டன்) சமநீதி நீதிமன்றங்களில் செல்லும் சாட்சிய விதிகள் வாரியத்துக்கும் பொருந்தின. கேள்விப்பட்டதைச் சொல்லக்கூடாது, நகலுக்குப் பதில் அசல் பேரேடு வேண்டும், பேரேட்டை எழுதியவர் வர வேண்டும்.

இன்னொரு பொறி, பெயர். நோட்டீஸ் துணைக் கம்பெனிக்கு வந்திருக்கும், மனுவைத் தாய்க் கம்பெனி போட்டிருக்கும். அல்லது கலைக்கப்பட்ட கம்பெனி பெயரில் அதன் பழைய தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார். மனு செய்யத் தகுதியில்லாதவர் செய்த மனு மனுவே அல்ல. அதற்குள் 60 நாள் ஓடியிருக்கும்.

நிரூபிக்கும் சுமை மனுதாரர் மேல். கமிஷனரின் கணக்கு சரி என்பதே தொடக்கப் புள்ளி. இரு தரப்பும் ஒன்றும் நிரூபிக்காவிட்டால் கமிஷனர் ஜெயித்தார். ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டினால் மட்டும், 1928-ன் சட்டத்திலிருந்து, சுமை கமிஷனருக்கு மாறியது. மெலன் வழக்கில் இந்த ஒரு விதி என்ன செய்தது என்று பிறகு வருகிறது.

1926-க்குப் பிறகு ஓர் உறுப்பினர் தனியாகவே கேட்கலாம். அவர் வாஷிங்டனில் மட்டும் உட்காரவில்லை. வழக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், கிடைத்த நீதிமன்ற அறையில் கேட்டுவிட்டு, ஸ்டெனோ எழுதிய சாட்சியத்தோடு திரும்புவார். பிறகு எழுத்து. ஒவ்வொரு வழக்குக்கும் சங்கதிப் பகுதி கட்டாயம். 1924-ன் சட்டத்தில் 10,000 டாலருக்கு மேற்பட்ட வழக்குகளில் காரண விளக்கமும் வேண்டும். வரைவு தலைவரிடம் போகும். 30 நாளுக்குள் அவர் முழு வாரியத்தின் பார்வைக்கு அனுப்பாவிட்டால் அதுவே வாரியத்தின் முடிவு. அனுப்பினால் சாட்சியைப் பார்க்காத 15 பேர் காகிதத்தைப் படித்து வாக்களிப்பார்கள். இந்த ஏற்பாட்டின் மேல் அன்றும் குறை சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் இந்த மறுபார்வை சட்டக் கேள்விகளுக்கே போனது. சாட்சி பொய் சொன்னாரா என்பதைக் கேட்டவர் எழுதியபடியே விட்டார்கள்.

முடிவில் தொகையை உறுப்பினர் கணக்கிட மாட்டார் என்பது வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ‘விதி 50-ன் கீழ் தீர்ப்பு’ என்று எழுதி விடுவார். இயந்திரத்தின் ஆயுள் 12 ஆண்டு என்று அவர் சொன்னால், அதை வைத்து வரி எவ்வளவு என்று இரு தரப்பும் கணக்கிட்டுத் தர வேண்டும். ஒத்துப்போனால் தொகை பதிவாகும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கின் மேல் மட்டும் ஒரு சிறு விசாரணை. அங்கே புதிய வாதம் எடுக்க முடியாது. தோற்ற தரப்பு பழைய வாதத்தைக் கணக்குப் போர்வையில் கொண்டுவருவது வழக்கமான தந்திரம்.

வாரியத்தில் வழக்கு இருக்கும்வரை வரி கட்ட வேண்டியதில்லை, ஆண்டுக்கு 6 சதவீத வட்டி மட்டும் ஏறும். மேல்முறையீடு போகும்போது வசூலை நிறுத்தி வைக்க, குறைவரியின் இரண்டு மடங்கு வரை பிணையப் பத்திரம். பணம் இல்லாதவருக்கு மேல்முறையீடு என்பது அங்கேயே முடிந்தது. அதுவும் வாரியத்தின் சங்கதி நிலைத்து நின்றதற்கு ஒரு காரணம்.

வழக்குகள் வெள்ளமாக வந்தன. கூடுதல் வரி கேட்கும் கெடு காலாவதியாக நெருங்கிய போர்க்கால ஆண்டுகளுக்குத் துறை கட்டுக் கட்டாக 60 நாள் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது. மிகைலாப வரியில் முதலீட்டு மூலதனம் எவ்வளவு என்ற கேள்வி ஒவ்வொரு கம்பெனியின் பழைய பேரேட்டையும் தோண்டச் செய்தது. மூலதனத்தைக் கணக்கிடவே முடியாத கம்பெனிகளுக்கு, அதே தொழிலில் உள்ள மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டு வரி போடலாம் என்று 1918-ன் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஒப்பிட்ட கம்பெனிகள் எவை என்று துறை சொல்ல மறுத்தது. அதை வாரியம் பரிசீலிக்கலாம் என்று 1927-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற நீதிமன்றங்கள் பரிசீலிக்க முடியாது என்று 1928-ல் சொன்னது. ஆக, அந்தச் சங்கதிக்கு நாட்டிலேயே ஒரே இடம் வாரியம்.

இந்த வேலையின் உச்சத்தையும் பள்ளத்தையும் காட்ட வாரியத் தீர்ப்புத் தொகுப்பின் 11-ஆம் தொகுதி போதும். இரண்டும் 1928-ல் வந்தவை.

முதலாவது மிச்சிகன் செனட்டர் ஜேம்ஸ் கஸன்ஸ் வழக்கு. ஃபோர்டு மோட்டார் தொடங்கியபோதே பணம் போட்டவர். 1919-ல் ஹென்றி ஃபோர்டு சிறு பங்குதாரர்களின் பங்குகளை மொத்தமாக வாங்கியபோது கஸன்ஸ் தம் 2,180 பங்குகளுக்கு 2.93 கோடி டாலர் பெற்றார். லாபம் எவ்வளவு என்பது 1913 மார்ச் 1 அன்று ஒரு பங்கின் மதிப்பு என்ன என்பதைப் பொறுத்தது, ஏனென்றால் வருமான வரி அன்றிலிருந்துதான். விற்பதற்கு முன்பே பங்குதாரர்கள் துறையைக் கேட்டு வைத்திருந்தார்கள். கமிஷனர் டேனியல் ரோப்பர் சொன்ன மதிப்பு 9,489.34 டாலர். அதன்படி வரி கட்டினார்கள். 1924-ல் கஸன்ஸ், மெலனின் கீழிருந்த வருவாய்த் துறையைத் துருவி விசாரிக்கும் செனட் குழுவைத் தூண்டி எழுப்பினார். 1925 மார்ச்சில், காலாவதிக்குச் சற்று முன், அவருக்குக் கூடுதல் வரி நோட்டீஸ் வந்தது: ஒரு கோடி டாலருக்கு மேல். பழைய மதிப்பு தப்பு, மிக அதிகம் என்றது துறை. பழிவாங்கல் என்று செனட்டில் கூச்சல் எழுந்தது.

வாரியம் அந்தக் கூச்சலைத் தொடவே இல்லை. அது கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: சந்தையில் பட்டியலிடப்படாத, கைமாறுவதே அரிதான, ஹென்றி ஃபோர்டு என்ற ஒரு மனிதர் பெரும்பான்மை வைத்திருந்த கம்பெனியின் சிறுபான்மைப் பங்கை, 1913 மார்ச் 1 அன்று, விவரம் தெரிந்த ஒருவர் என்ன விலைக்கு வாங்கியிருப்பார்? பின்னால் நடந்ததை வைத்துச் சொல்லக்கூடாது. ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் கார்களைப் பூட்டும் நகரும் பட்டை அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் வந்தது. நாளுக்கு 5 டாலர் கூலி 1914 ஜனவரியில். இரண்டுமே தேதிக்குப் பின்னால். அன்று தெரிந்திருந்தவை அதுவரை ஈட்டிய லாபம், மாடல் டி காருக்கு இருந்த தேவை, புதிய ஆலை. வல்லுநர்கள் சொன்ன மதிப்புகள் எங்கெங்கோ பறந்தன.

1928 மே மாதத்தில் வாரியம் எழுதிய விடை: ஒரு பங்குக்கு 10,000 டாலர். கம்பெனிக்கு மொத்தம் 20,000 பங்குகள், அதாவது 20 கோடி டாலர். துறையின் பழைய மதிப்பைவிடவும் 510 டாலர் அதிகம். கூடுதல் வரி போயிற்று. கஸன்ஸ் முன்பு கட்டியதே அதிகம் என்றாகி ரீஃபண்டும் வந்தது.

இந்த உருண்டை எண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. 9,872.16 என்று எழுதியிருந்தால் எந்தச் சூத்திரத்தில் வந்தது என்று மேல்முறையீட்டில் பிடித்து உலுக்கலாம். 10,000 என்பது எந்த வல்லுநரின் கணக்கும் அல்ல. எல்லாவற்றையும் கேட்டபின் எடுத்த மதிப்பீடு என்று அந்த எண்ணே சொல்கிறது. அதற்குக் கீழே மனுவிலும் சாட்சியத்திலும் வந்த நூற்றுக்கணக்கான சிறு சங்கதிகளை வரிசையாக அடுக்கி வைத்தார்கள்.

அதே தொகுதியில், 300 பக்கம் முன்னால், நாடகக்காரர் ஜார்ஜ் கோஹன் வழக்கு. நடிகர்களுக்கும் விமர்சகர்களுக்கும் விருந்து, பயணம், தங்கல் என்று 1921 முதல் 1923 நடுவரை மொத்தம் 55,000 டாலர் செலவு என்றார். ரசீது ஒன்றும் இல்லை. அவர் செலவழித்தார் என்பதை வாரியம் நம்பியது. எவ்வளவு என்று தெரியாததால் ஒரு டாலரும் தர முடியாது என்று எழுதியது. 1930-ல் நியூயார்க்கின் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் அதைத் திருப்பி அனுப்பினார். செலவு நடந்தது என்று கண்ட பிறகு பூஜ்யம் என்பது சாட்சியத்துக்கு ஒவ்வாத விடை. முடிந்தவரை நெருக்கமாக ஒரு மதிப்பீடு செய்யுங்கள், கணக்கு வைக்காதது அவர் தப்பு என்பதால் வேண்டுமானால் அவருக்குப் பாதகமாகவே செய்யுங்கள் என்றார். (பயணம், விருந்து விஷயத்தில் காங்கிரஸ் 1962-ல் இதை அடைத்து, ஆதாரம் கட்டாயம் என்றது.)

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கஸன்ஸுக்கு எண் போட்டவர்கள் கோஹனுக்கு எண் போட மறுத்தார்கள். முதலாவது நின்றது. இரண்டாவது விழுந்தது. வாரியம் சங்கதி எழுதும்போது பலமாக இருந்தது. எழுத மறுத்தபோதுதான் அதை மேலே தூக்கிப் போட முடிந்தது.

சட்டத்தில் அதற்குப் பலமில்லை என்பதை ஜான் ஸ்டெர்ன்ஹேகன் நன்கு அறிந்தவர். முதல் 12 பேரில் ஒருவர், சிகாகோக்காரர், வாரியத்தின் கூர்மையான பேனாக்களில் ஒன்று. 1932-ல் ஈவ்லின் கிரெகரி வழக்கு அவரிடம் வந்தது. கிரெகரியின் யுனைடெட் மார்ட்கேஜ் கம்பெனியிடம் மானிட்டர் செக்யூரிட்டீஸின் 1,000 பங்குகள் இருந்தன. அவற்றை டிவிடெண்டாக எடுத்தால் முழு வரி. ஆகவே 1928 செப்டம்பர் 18 அன்று ‘ஏவரில் கார்ப்பரேஷன்’ என்று ஒன்றைப் பதிவு செய்தார்கள், மூன்று நாளில் பங்குகள் அதற்குப் போயின, 24-ஆம் தேதி அது கலைக்கப்பட்டுப் பங்குகள் கிரெகரி கைக்கு வந்தன, அவற்றை 1,33,333.33 டாலருக்கு விற்று மூலதன லாபத்துக்கான குறைந்த விகிதத்தில் வரி கட்டினார். வரியில்லாத கம்பெனி மறுசீரமைப்புக்குச் சட்டம் கேட்ட ஒவ்வொரு படியும் இருந்தது.

ஸ்டெர்ன்ஹேகன் கிரெகரிக்குத் தீர்ப்பளித்தார்: இவ்வளவு நுணுக்கமாக வரைந்த சட்டத்தை எழுத்தின்படியே படிக்க வேண்டும், நீதிபதி நுழைய அதில் சிறு இடுக்குகளே உண்டு. 1934-ல் ஹேண்ட் மாற்றினார், 1935-ல் உச்ச நீதிமன்றம் ஹேண்டை உறுதி செய்தது. சங்கதியில் ஒரு தேதியையும் யாரும் தொடவில்லை. ஆறு நாட்களின் வரிசை ஸ்டெர்ன்ஹேகன் எழுதியபடியே இருந்தது. மாறியது அந்த வரிசைக்கு மறுசீரமைப்பு என்று பெயரிடலாமா என்பது மட்டும். உலகம் முழுவதும் வரித் தவிர்ப்பு வழக்குகளில் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள், ஹேண்டின் பெயரில். எங்கள் கருத்தில், சட்டத்தைத் திருத்துவது காங்கிரஸின் வேலை என்ற அளவில் ஸ்டெர்ன்ஹேகனின் நிலைப்பாடு கௌரவமானதே.

கடைசியாக மெலன். 1931-ஆம் ஆண்டுக்கான அவரது ரிட்டர்னில் நஷ்டம் காட்டச் செய்த விற்பனைகள் போலி என்றது ரூஸ்வெல்ட் அரசாங்கம். முக்கியமானது பிட்ஸ்பர்க் கோல் பங்குகள்: பல பத்து லட்சம் போட்டு வாங்கியவற்றை அந்த ஆண்டின் கடைசி நாட்களில் யூனியன் டிரஸ்ட் வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு விற்றார். அந்த வங்கி அவர் குடும்பத்தின் செல்வாக்கில் இருந்தது. சில மாதங்களில் பங்குகள் குடும்பத்தின் இன்னொரு கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. 1934 மே மாதத்தில் குற்ற வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பிட்ஸ்பர்க் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது. துறை குறைவரியும் 50 சதவீத அபராதமும் சேர்த்து 30 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. மெலன் வாரியத்துக்கு வந்தார். தாம் அமைச்சகத்துக்குள் வைக்க விரும்பிய வாரியம். கஸன்ஸுக்குத் தம் துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்த வாரியம்.

விசாரணை 1935 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி வாஷிங்டனுக்கு நகர்ந்தது. ஓஹாயோவைச் சேர்ந்த எர்னஸ்ட் வான் ஃபாசன் தலைமை தாங்கினார். மெலனுக்கு ஃபிராங்க் ஹோகன்; அரசாங்கத்துக்கு வருவாய்த் துறையின் சட்ட ஆலோசகர் ராபர்ட் ஜாக்சன். மெலன் ஓவியங்களைத் தம் அறக்கட்டளைக்குக் கொடுத்துக் கழிவு கேட்டிருந்ததால், சோவியத் அரசு ரகசியமாக விற்ற ஹெர்மிடாஜ் அருங்காட்சியக ஓவியங்களை அவர் வாங்கிய விவரமும் சாட்சியத்தில் பகிரங்கமானது. ஜாக்சன் கடுமையாக வாதாடினார். ஆனால் ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். வாங்கியவர் விற்றவரின் கைக்குள் இருந்தார் என்று காட்டுவது சந்தேகத்தைத் தரும். திருப்பித் தர முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும்.

1937 ஆகஸ்டில் மெலன் இறந்தார். டிசம்பர் 7 அன்று தீர்ப்பு: ஏமாற்றவில்லை. சில இனங்களில் கூடுதல் வரி உண்டு, ஆனால் அது கேட்டதில் சிறு பங்கு. வாரியத்தில் கஸன்ஸும் வென்றார், அவர் பகைவர் மெலனும் வென்றார். இரண்டு முறையும் அதிகாரத்தில் இருந்த அரசாங்கம் தோற்றது. வாரியம் சுதந்திரமானதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை, அதுவும் அதன் அலுவலகம் பல பத்தாண்டுகள் வருவாய்த் துறையின் சொந்தக் கட்டடத்திலேயே இருந்தபோது.

தோற்ற ஜாக்சன் 1941-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1942-ல் வாரியம் ‘அமெரிக்க வரி நீதிமன்றம்’ என்று பெயர் மாறி, 47 தொகுதித் தீர்ப்புகளோடு பழைய வரிசை முடிந்தது. உறுப்பினர்கள் நீதிபதிகள் ஆனார்கள், சட்டப்படி அமைப்பு நிர்வாகத் துறையிலேயே 1969 வரை இருந்தாலும். 1943-ல் டாப்சன் வழக்கில் ஜாக்சனே தீர்ப்பு எழுதினார்: வரி நீதிமன்றம் இந்தச் சிக்கலான துறையில் நாள் முழுதும் உழலும் அமைப்பு, தெளிவான சட்டப் பிழை இல்லாவிட்டால், சங்கதியும் சட்டமும் பின்னிக் கிடக்கும் கேள்விகளில்கூட மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கை வைக்கக் கூடாது. பிட்ஸ்பர்க்கில் அந்த மேசையின் எதிரே நின்று தோற்றவர் இதை எழுதினார் என்பதை நினைத்தால் தீர்ப்பின் எடை கூடுகிறது.

வரி வக்கீல்களுக்கு அது பிடிக்கவில்லை. கீழே தோற்றால் மேலே வாதாட ஒன்றும் மிச்சமில்லை என்று முறையிட்டார்கள். 1948-ல் காங்கிரஸ் மேல்முறையீடு பற்றிய சட்டப் பிரிவைத் திருத்தியது: ஜூரி இல்லாமல் மாவட்ட நீதிபதி கேட்ட வழக்கைப் பார்ப்பது போலவே வரி நீதிமன்றத் தீர்ப்பையும் பார்க்க வேண்டும். ஓர் ஏற்பாடு மறுசீரமைப்பா, ஒரு கொடுக்கல் கடனா மூலதனமா என்ற பெயரிடும் கேள்விகளில் மேல்நீதிமன்றங்களுக்குப் பழைய சுதந்திரம் திரும்பியது. பங்கு என்ன விலை, இயந்திரம் எத்தனை ஆண்டு, அவர் எந்த நோக்கத்தோடு விற்றார் என்பவற்றில், வெளிப்படையான பிழை என்று காட்ட முடியாவிட்டால், கேட்டவர் எழுதியதே நின்றது.